மாலத்தீவு ஹனிமூன் பிளான் பண்றீங்களா, ரூம் போட்டோவுக்கு முன்னாடி போற வழியைப் பாருங்க

2025 பிப்ரவரி, கல்யாணம் முடிஞ்சு பதினாறாவது நாள். சாயங்காலம் 5 மணிக்கு மாலே ஏர்போர்ட்ல ஒரு கவுண்டர் முன்னாடி நானும் இவரும் நிக்கிறோம். கையில வவுச்சர் இருக்கு, முழுப்பணமும் கட்டியாச்சு, கடல் கண்ணுக்கு முன்னாடி பச்சையும் நீலமுமா கிடக்கு. கவுண்டர்ல இருந்த பொண்ணு பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு ரொம்ப தன்மையா சொல்லுச்சு, இன்னைக்கு ஸீபிளேன் எல்லாம் முடிஞ்சிருச்சு, நாளைக்குக் காலைலதான்னு. எனக்கு முதல்ல புரியவே இல்லை. பஸ் போயிருச்சுன்னா அடுத்த பஸ்னு பழகுன ஆளு நான், பிளேன் எப்படிங்க சாயங்காலம் 5 மணிக்கே முடியும்?

ஸீபிளேன் பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும். தண்ணில இறங்கணும், அலை எப்படி இருக்கு, காத்து எந்தப் பக்கம், குறுக்க போட் எதுவும் வருதான்னு பைலட் கண்ணால பார்த்துத்தான் இறக்கணும், ராத்திரி அதுக்கு வழியே இல்லை. அதனால உங்க இன்டர்நேஷனல் ஃப்ளைட் மதியம் மூணு, மூணரைக்குள்ள மாலேல இறங்கலைன்னா அன்னைக்கு ஸீபிளேன் கிடைக்காதுன்னே வச்சுக்கோங்க. எங்க ஃப்ளைட் இறங்குனது 4:40க்கு. இந்த விஷயம் எங்களுக்கு புக் பண்ணிக் குடுத்த ஏஜென்ட்டுக்குத் தெரிஞ்சிருக்கணும், சொல்லியிருக்கணும், சொல்லலை. போன்ல கேட்டப்ப ரிசார்ட்ல பேசிப் பாக்குறேன்னாங்க, அதோட சரி. ரிசார்ட்காரங்க மேல தப்பே இல்லை, ரூம் எங்களுக்காக ரெடியா இருந்துச்சு, நாங்கதான் போய்ச் சேரலை. அந்த ஒரு ராத்திரி வாடகை மட்டும் வரியோட சேர்த்து 65 ஆயிரம் ரூபா.

என் சித்தி பொண்ணுக்கு இப்ப கல்யாணம் முடிவாகியிருக்கு, அவளும் மாலத்தீவுதான்னு சொல்றா, எல்லாத்தையும் ஒரேடியா எழுதிக் குடு அக்கான்னு கேட்டா. அவளுக்காக எழுத ஆரம்பிச்சது, இனிமே போகப் போற எல்லாருக்கும் உதவட்டும்.

நாங்க தூத்துக்குடி. எங்க வீட்டுல மாலேங்கிறது புதுப் பேரே இல்லை. தாத்தா தோணில வேலை பார்த்தவர், வெங்காயம், உருளைக்கிழங்கு, கட்டட சாமான் எல்லாம் ஏத்திட்டு மாலே போயிட்டு வருவாங்க, வரும்போது மாசிக் கருவாடு கொண்டு வருவாராம். இன்னைக்கும் தூத்துக்குடில இருந்து மாலேக்கு சரக்கு போயிட்டுத்தான் இருக்கு. அதனால ஹனிமூன் எங்கன்னு பேச்சு வந்தப்ப நான் யோசிக்கவே இல்லை, மாலத்தீவுன்னுட்டேன். மாமா ஒருத்தர் லட்சத்தீவு போங்களேன், நம்ம நாடுதானேன்னு சொன்னார், நல்ல யோசனைதான், விசாரிச்சும் பார்த்தோம், ஆனா அதுக்கு பெர்மிட் எடுக்கணும், தங்குற இடம் ரொம்பக் கம்மி, எங்க தேதிக்கு ஒண்ணும் அமையலை.

பணக் கணக்கை முதல்ல சொல்லிர்றேன், ஏன்னா ரொம்பப் பேரு ஏமாறுறது இங்கதான். எங்களுக்கு முதல்ல வந்த கொட்டேஷன்ல ஒரு ராத்திரிக்கு 600 டாலர், காலை சாப்பாடும் ராத்திரி சாப்பாடும் சேர்த்துன்னு இருந்துச்சு. அப்ப டாலர் 85 ரூபா. நாலு ராத்திரி 2400 டாலர், 2 லட்சத்து 4 ஆயிரம், சரி, வாழ்க்கைல ஒரு தடவைதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டோம். ஆனா அந்த 600க்குப் பக்கத்துல பொடிசா ரெண்டு பிளஸ் குறி இருந்துச்சு. முதல் பிளஸ் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். ரெண்டாவது பிளஸ் அந்த ஊரு டூரிசம் ஜிஎஸ்டி, நாங்க போனப்ப 16 சதவீதம், 2025 ஜூலைல இருந்து 17 ஆக்கிட்டாங்க. அதுலயும் சர்வீஸ் சார்ஜைச் சேர்த்த தொகை மேலதான் ஜிஎஸ்டி போடுவாங்க. அப்ப 2400 ஆனது 3062. இதுக்கு மேல கிரீன் டாக்ஸ், பெரிய ரிசார்ட்னா ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர் (2025 ஜனவரில இருந்துதான் 6ல இருந்து 12 ஆச்சு), ரெண்டு பேருக்கு நாலு ராத்திரிக்கு 96. அப்புறம் ஸீபிளேன், போக வர ஆளுக்கு 500 டாலர், ரெண்டு பேருக்கு ஆயிரம். எல்லாம் கூட்டிப் பார்த்தா 4158 டாலர், மூணரை லட்சம் ரூபா, இன்னும் ஊர்ல இருந்து போற ஃப்ளைட் டிக்கெட் சேரலை. ரெண்டு லட்சம்னு ஆரம்பிச்சது எங்க போய் நிக்குது பாருங்க.

அதனால எந்த ஏஜென்ட்டா இருந்தாலும் சரி, நேரா ரிசார்ட்டா இருந்தாலும் சரி, கேக்க வேண்டியது ஒரே கேள்வி. எல்லா வரியும், கிரீன் டாக்ஸும், ஏர்போர்ட்ல இருந்து ரூமுக்குப் போய் திரும்ப ஏர்போர்ட் வர்ற செலவும் சேர்த்து ரெண்டு பேருக்கும் மொத்தம் எவ்வளவு, அதை மெயில்ல எழுதிக் குடுங்க. வாய்ல சொல்றதை நம்பாதீங்க. நம்ம ஊரு ஏஜென்ட்கிட்ட பேக்கேஜா எடுத்தா மேல ஜிஎஸ்டி, டிசிஎஸ் (ஏஜென்ட் முன்கூட்டியே பிடிச்சுக் கட்டுற வருமான வரி) வேற வரும். டிசிஎஸ் எங்களுக்கு 5 சதவீதம் பிடிச்சாங்க. அது உங்க பேன் நம்பர்ல போய் உக்காரும், வருமான வரி ஃபைல் பண்ணும்போது கழிச்சுக்கலாம் இல்லைன்னா திரும்ப வாங்கிக்கலாம், ஆனா அந்த நேரத்துல கையில இருந்து குடுத்துத்தானே ஆகணும். யாரு ரிட்டர்ன் ஒழுங்கா ஃபைல் பண்றாங்களோ அவங்க பேன் குடுங்க. இந்த விகிதமெல்லாம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது, புக் பண்ற அன்னைக்கு என்னன்னு கேட்டுக்கோங்க.

சரி, போற வழிக்கு வர்றேன், நான் ஆணித்தரமா சொல்ல நினைக்கிறது இதுதான். மாலத்தீவுல ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட்னு இருக்கும், நாடு முழுக்க கிட்டத்தட்ட 1200 தீவு, வடக்கு தெற்கா எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல நீண்டு கிடக்கு. மாலேவைச் சுத்தி இருக்கிற ரிசார்ட்டுக்கு ஸ்பீட்போட்லயே போயிறலாம், ராத்திரியும் போட் ஓடும். கொஞ்சம் தள்ளி இருந்தா ஸீபிளேன். ரொம்பத் தூரம்னா உள்ளூர் ஃப்ளைட், அதுக்கப்புறம் ஒரு ஸ்பீட்போட். எங்க ரிசார்ட் பா அட்டோல்ல, அட்டோல்னா வளையமா இருக்கிற தீவுக் கூட்டம். அங்க தரவந்தூன்னு ஒரு தீவுல சின்ன ஏர்போர்ட் இருக்கு, லேட்டா வர்றவங்களை அங்க உள்ளூர் ஃப்ளைட்ல கொண்டு போய் போட்ல ஏத்தி ராத்திரியே ரூமுக்குச் சேர்த்துருவாங்களாம். இது எங்களுக்கு அந்தக் கவுண்டர்ல நிக்கும்போதுதான் தெரியும். அன்னைக்கு அதுல சீட் இல்லை, முன்னாடியே சொல்லி வச்சிருக்கணும்னாங்க. ஒரே ஒரு மெயில், எங்க ஃப்ளைட் 4:40க்கு இறங்குது, எப்படி வரணும்னு ரிசார்ட்டுக்கு நேரா போட்டிருந்தா அந்த 65 ஆயிரம் மிச்சம். ஏஜென்ட் மூலமா புக் பண்ணாலும் ரிசார்ட்டோட ரிசர்வேஷன் மெயிலுக்கு நீங்களே ஃப்ளைட் நம்பரையும் நேரத்தையும் அனுப்புங்க, கண்டிப்பா பதில் போடுவாங்க.

ஸீபிளேன் எத்தனை மணிக்குங்கிறது முந்தின நாள் சாயங்காலம்தான் உறுதியாகும், புக் பண்ணும்போதே யாரும் டைம் குடுக்க மாட்டாங்க. திரும்பும்போதும் இதே கதைதான். காலைல ரொம்ப சீக்கிரம் ஊருக்கு ஃப்ளைட் இருந்தா முதல் ஸீபிளேன்ல வந்தாலும் பிடிக்க முடியாது, முந்தின நாளே மாலேக்கு வந்து தங்க வேண்டியதாயிரும். போறப்ப மதியத்துக்கு முன்னாடி இறங்குற ஃப்ளைட், வர்றப்ப மதியத்துக்குப் பின்னாடி கிளம்புற ஃப்ளைட், இப்படி அமைஞ்சா டிக்கெட் நாலாயிரம் அஞ்சாயிரம் கூட இருந்தாலும் யோசிக்காம எடுங்க. நாங்க திருவனந்தபுரத்துல இருந்து நேரடி ஃப்ளைட்ல போனோம், தூத்துக்குடி, நெல்லை, நாகர்கோவில்காரங்களுக்கு அதுதான் பக்கம். அந்த ஃப்ளைட்ல பாதிப் பேரு மாலத்தீவுக்காரங்க, வைத்தியத்துக்கு திருவனந்தபுரம் வந்துட்டு ஊருக்குத் திரும்புறவங்க. பக்கத்து சீட்ல ஒரு வயசான அம்மா மடியில எக்ஸ்ரே கவரை வச்சுக்கிட்டு, என் கையில மருதாணியைப் பார்த்துட்டு சிரிச்சுக்கிட்டே வந்தாங்க.

அன்னைக்கு ராத்திரி ஹுல்ஹுமாலேல தங்கினோம். கடலைத் தூர்த்து உண்டாக்குன தீவு அது, ஏர்போர்ட்ல இருந்து ரோட்லயே போயிறலாம். ரூமுக்குப் போய் கொஞ்ச நேரம் நான் அழுதேன், உண்மையைச் சொல்றேன், கல்யாண அலைச்சல், தூக்கமில்லை, பணம் போன வயித்தெரிச்சல் எல்லாம் சேர்ந்து வந்துருச்சு. இவர் ஒண்ணும் பேசலை, வா, வெளிய போய் டீ குடிக்கலாம்னார். கடற்கரைக்கு எதிர்ல ஒரு சின்ன டீக்கடை, தட்டுத் தட்டா பலகாரம். ஹெதிகான்னு சொல்வாங்க, நம்ம ஊரு சாயங்கால பஜ்ஜி போண்டா மாதிரி, ஆனா உள்ள சூரை மீனும் தேங்காய்த் துருவலும் வெங்காயமும். இவர் சுத்த சைவம். பாக்க சமோசா மாதிரியே இருக்கேன்னு கை வைக்கப் போனார், பரிமாறுன பையன் நாகர்கோவில் பக்கம், நம்ம பேச்சைக் கேட்டுட்டு ஓடி வந்து அண்ணே அதுக்குள்ள மீன் இருக்குன்னு தடுத்தான். மஸ்னா மீன், ஒரு பேர்ல மஸ் இருந்தா தொடாதீங்க, இல்லாட்டியும் கேட்டுட்டு சாப்பிடுங்கன்னு சொல்லிக் குடுத்தான். அடுத்த நாலு நாளும் அந்த ஒரு சொல்தான் இவரைக் காப்பாத்துச்சு. கடை வாசல்ல வெங்காய மூட்டை அடுக்கியிருந்துச்சு, ஒரு சாக்குல தூத்துக்குடின்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருந்தாங்க. நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். அழுகை எல்லாம் அந்த இடத்துலயே போயிருச்சு.

மறுநாள் காலைல ஸீபிளேன். பைலட் ரெண்டு பேரும் அரைக்கால் சட்டை, கால்ல செருப்பு கூட இல்லை. பதினஞ்சு பேரு உக்காரலாம், ஏசி கிடையாது, சத்தம் காதைப் பிளக்கும், காதுல வைக்கப் பஞ்சு குடுப்பாங்க. ஆனா ஜன்னல் வழியா கீழ பார்த்தப்ப பேச்சே வரலை. கருநீலக் கடல்ல வெளிர்பச்சை வளையம் வளையமா, யாரோ வளையல் கடையையே கவுத்து விட்ட மாதிரி. ஆதில எரிமலை மலை இருந்து, அது மெல்ல மெல்ல கடலுக்குள்ள அமுங்க அமுங்க அதைச் சுத்தி இருந்த பவளப்பாறை மட்டும் மேல மேல வளர்ந்து வளையமா நின்னுருச்சு, அதுதான் அட்டோல். அந்தச் சொல்லே இவங்க திவேஹி மொழில இருந்து உலகத்துக்குப் போனதுதான். ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தில முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்னு வருமே, அது இந்தத் தீவுகளைத்தான்னு சொல்றாங்க. ஆயிரம் வருஷம் முன்னாடி கப்பல்ல இருந்து பார்த்தவங்களுக்கு எண்ணி முடியலை போல, பன்னீராயிரம்னுட்டாங்க.

ஸீபிளேன்ல லக்கேஜ் ஆளுக்கு 20 கிலோ, கைப்பை 5 கிலோ, அதுக்கு மேல கிலோவுக்கு இவ்வளவுன்னு டாலர்ல வாங்குவாங்க. நான் மூணு பட்டுப்புடவை எடுத்துட்டுப் போயிருந்தேன், ஒண்ணைக்கூட பிரிக்கலை. அங்க எல்லாரும் வெறுங்காலோட மணல்ல நடக்குற ஊரு, மெல்லிசா நாலு காட்டன் டிரஸ், ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு நல்லதா ஒண்ணு, நீச்சலுக்கு முழுக்கை ரேஷ்கார்டு (வெயில் படாம உடம்பை மூடுற நீச்சல் சட்டை), போதும். அந்த ரேஷ்கார்டு கண்டிப்பா வேணும், தூத்துக்குடி வெயில்லயே வளர்ந்த எனக்கு ஒரு மணி நேரம் தண்ணில குப்புறக் கிடந்ததுல முதுகு தோலு உரிஞ்சிருச்சு.

பேக் பண்ற அன்னைக்கு ராத்திரி நடந்ததையும் சொல்லணும். அத்தை ஆசையா ஒரு சின்ன வெள்ளிப் பிள்ளையாரை துணிக்குள்ள சுத்தி பெட்டில வச்சுட்டாங்க. அந்த நாட்டுல வழிபாட்டுக்குன்னு சிலை கொண்டு போகக் கூடாது, சட்டமே அப்படி. மது, பன்னி இறைச்சியும் அதே மாதிரிதான், டூட்டி ஃப்ரீல வாங்குன பாட்டிலா இருந்தாலும் ஏர்போர்ட்ல வாங்கி வச்சுட்டு திரும்பும்போதுதான் குடுப்பாங்க. இறங்குனதும் எல்லாப் பெட்டியும் ஸ்கேன் ஆகும். அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தயக்கம், வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம்தானே ஆச்சு. சொன்னேன். அவங்க ஒரு நிமிஷம் கையில வச்சுப் பார்த்துட்டு, சரிம்மா, அவர் இங்கயே இருக்கட்டும், நீங்க வர்ற வரைக்கும் நான் விளக்கேத்துறேன்னு சொல்லிட்டு பூஜை ரூம்ல கொண்டு போய் வச்சாங்க. பெரியவங்க கையால பேக் பண்ற வீடுகள்ல கிளம்புறதுக்கு முன்னாடி பெட்டியை ஒரு தடவை பிரிச்சுப் பாத்துருங்க.

விசா பத்திக் கவலையே வேண்டாம், நம்ம பாஸ்போர்ட்டுக்கு இறங்குன இடத்துலயே இலவசமா குத்திக் குடுக்குறாங்க. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி 96 மணி நேரத்துக்குள்ள இமுகான்னு ஒரு ஆன்லைன் ஃபார்ம் போடணும், அதுவும் இலவசம்தான், காசு கேக்குற சைட் வந்தா அது போலி. டிக்கெட்ல பேரு பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கணும். கல்யாணமானதும் அவர் பேரைச் சேர்க்கணும்னு அவசரப்பட்டு எதையும் மாத்தாதீங்க, போயிட்டு வந்து மாத்திக்கலாம்.

இன்னொண்ணு, கல்யாணப் பதிவு. நிறைய ரிசார்ட்ல ஹனிமூன் ஜோடின்னா ஒரு ராத்திரி கடற்கரைல டின்னர், கேக், கட்டில்ல பூ அலங்காரம்னு இலவசமாவே தர்றாங்க, ஆனா கல்யாண சர்டிஃபிகேட் கேப்பாங்க, இத்தனை ராத்திரி தங்கணும், கல்யாணமாகி இத்தனை மாசத்துக்குள்ள இருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கும். நாங்க கல்யாணம் முடிஞ்ச வாரத்துலயே சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சு வாங்கிட்டோம். எப்படியும் பதியத்தான் வேணும், அதை முன்னாடியே செஞ்சா அந்த டின்னர் கிடைக்கும், தனியா காசு குடுத்து எடுத்தா நூத்துக்கணக்குல டாலர். இலவசமா என்னென்ன உண்டுன்னு புக் பண்றதுக்கு முன்னாடியே மெயில்ல வாங்கி வச்சுக்கோங்க.

ரூம் விஷயத்துக்கு வர்றேன். எல்லாருக்கும் தண்ணி மேல கட்டுன வில்லாதான் கனவு, எனக்கும் அதான். ரெண்டு ராத்திரி பீச் வில்லா, ரெண்டு ராத்திரி வாட்டர் வில்லான்னு பிரிச்சு எடுத்தோம், அது காசையும் குறைக்கும். நாங்க இழந்தது பீச் வில்லால ஒரு ராத்திரி. வாட்டர் வில்லா அழகுதான், காலைல எந்திரிச்சு படி இறங்குனா நேரா கடல், முழங்கால் தண்ணில குட்டிச் சுறா வந்து சுத்திட்டுப் போகும், ஒண்ணும் செய்யாது. ஆனா ராத்திரி பலகைக்கு அடியில அலை மோதுற சத்தம் விடிய விடிய கேக்கும், இவருக்கு முதல் ராத்திரி தூக்கமே இல்லை. மதியம் ஒதுங்க நிழல் கிடையாது. சாப்பிடப் போறதுக்கு அந்த மரப்பாலத்துல வெயில்ல அஞ்சு பத்து நிமிஷம் நடக்கணும். பீச் வில்லால தென்னை நிழல், மணல், ரூம் வாசல்ல இருந்து பத்தடில தண்ணி. என்னைக் கேட்டா மூணு ராத்திரி பீச், கடைசியா ஒரே ஒரு ராத்திரி தண்ணி மேலன்னு எடுப்பேன். வாட்டர் வில்லா எந்தப் பக்கம் பார்த்து இருக்குன்னும் கேளுங்க. டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் காத்து வடகிழக்குல இருந்து வரும், அந்தப் பக்கம் அலை கூட இருக்கும், மேற்கு பார்த்தது அமைதியா இருக்கும், சூரியன் மறையுறதும் தெரியும், அதனாலயே வாடகை கூட.

ரிசார்ட் தேர்ந்தெடுக்கும்போது இன்னொரு கேள்வி, கரையில இருந்து நீந்திப் போற தூரத்துல பவளப்பாறை இருக்கா, இல்லை வெறும் ஆழமில்லாத மணல் தரையா? ரெண்டுமே நல்லதுதான், ஆள் பொறுத்து. இவருக்கு நீச்சல் தெரியாது, இடுப்பளவு தண்ணி உள்ள தீவா பார்த்து எடுத்தோம், லைஃப் ஜாக்கெட் போட்டு ஒரு பையன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் பாறை ஓரத்தைக் காட்டினான். மீன் அவ்வளவு இருந்துச்சு, ஆனா பவளம் நிறைய இடத்துல வெளுத்துப் போய் எலும்பு மாதிரி கிடந்துச்சு. 2024ல கடல் சூடானதுல வெளுத்ததுன்னான். 1998லயும் 2016லயும் இதே மாதிரி நடந்திருக்கு. எங்க மன்னார் வளைகுடாலயும் இதே பவளம்தான், 21 தீவு இருக்கு, ஒரு காலத்துல எங்க ஊர்ல பவளக்கல்லை வெட்டி எடுத்து சுண்ணாம்பு சுட்டாங்க, வீடு கட்டினாங்கன்னு அப்பா சொல்லுவார். மாலேலயும் பழைய பள்ளிவாசல் பவளக்கல்லுல கட்டுனதுதான். இருக்கிற பாறையாவது பிழைக்கட்டும், அது மேல கால் வைக்காதீங்க, தண்ணில இறங்கும்போது பவளத்தைக் கெடுக்காத சன்ஸ்க்ரீனா பார்த்து வாங்கிட்டுப் போங்க. கரையில கிடக்குற பவளத்துண்டை ஞாபகத்துக்குன்னு பெட்டில போட்டுறாதீங்க, வெளிய கொண்டு போகத் தடை இருக்கு. இவர் ஆசையாப் பொறுக்குனதை நான் கடைசி நாள் மணல்லயே போட்டுட்டு வந்தேன்.

பா அட்டோல்ல மாண்டா திருக்கை கூட்டமா வர்ற ஹனிஃபாரு விரிகுடா இருக்கு, ஆனா அது ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும்தான், மழைக்காலம். பிப்ரவரில போற ஆளுக்கு அந்தப் படத்தைக் காட்டி விக்கிறாங்கன்னா உஷாரா இருங்க. வெயிலும் தெளிவான வானமும் வேணும்னா ஜனவரி, பிப்ரவரி, மார்ச். திருக்கை பாக்கணும், விலையும் குறையணும்னா மழைக்காலம், ஆனா ரெண்டு நாள் விடாம மழை பெய்ஞ்சாலும் மனசு கோணாம இருக்கணும். பெரிய திமிங்கலச் சுறா பாக்குற ஆசைன்னா தெற்கு ஆரி அட்டோல் பக்கம் ரிசார்ட் எடுங்க, அங்க வருஷம் பூரா இருக்கும்.

சாப்பாட்டுல எங்களுக்கு ஆல் இன்க்ளூசிவ் (எல்லா வேளை சாப்பாடும் மதுவும் சேர்த்த பேக்கேஜ்) தேவைப்படலை, ரெண்டு பேரும் குடிக்கிறதில்லை, அந்தக் காசுல பாதி பாட்டிலுக்குத்தான் போகும். காலைல பத்து மணிக்கு நல்லா சாப்பிட்டா மதியம் பசிக்காது, ரூம்ல கெட்டில் இருக்கும், ஊர்ல இருந்து கொண்டு போன முறுக்கு, அதிரசம், இன்ஸ்டன்ட் உப்புமா வச்சு மதியத்தை ஓட்டிரலாம். ஒரு சாண்ட்விச் வரியோட 35 டாலர், 3000 ரூபா. சைவம்னு போறதுக்கு முன்னாடி மெயில்ல சொல்லிட்டதால கிச்சன்ல இருந்த இலங்கைத் தமிழ் அண்ணா ஒருத்தர் ரெண்டாவது நாள் ராத்திரி தேடி வந்து, தம்பிக்கு ரசம் வைக்கட்டோன்னு கேட்டார். மிளகும் பூண்டும் தட்டிப் போட்ட ரசம், குழைஞ்ச சோறு, ஒரு அப்பளம். அத்தனை டாலர் குடுத்து சாப்பிட்டதுல இவர் இன்னைக்கும் சொல்றது அந்த ரசத்தைத்தான்.

கடிகாரத்தையும் பாத்துக்கோங்க. மாலே நேரம் நமக்கு அரை மணி பின்னாடி. ஆனா நிறைய ரிசார்ட்ல வெளிச்சம் கூடக் கிடைக்கணும்னு தீவுக்குள்ள ஒரு மணி நேரம் முன்னாடி வச்சுப்பாங்க. எங்க தீவும் அப்படித்தான். கடைசி நாள் ஸீபிளேன் 10 மணின்னு சீட்டு வந்துச்சு, அது தீவு நேரமா மாலே நேரமான்னு ரிசப்ஷன்ல கேட்டு எழுதி வாங்கிட்டுத்தான் தூங்கினேன். ஒரு தடவை நேரத்தால பட்டாச்சு இல்லையா.

கல்யாணத்துக்கு மறுநாளே கிளம்புறதை மட்டும் செய்யாதீங்க. மறுவீடு, குலதெய்வம் கோயில், விருந்து எல்லாம் முடிச்சு, ரெண்டு நாள் நல்லாத் தூங்கிட்டுக் கிளம்புங்க. நாங்க பதினாறு நாள் விட்டும் அலுப்பு தீரலை.

சித்தி பொண்ணோட கொட்டேஷன் நேத்து வந்துச்சு. ஃப்ளைட் சாயங்காலம் 5:10க்கு இறங்குற மாதிரிதான் போட்டிருந்தாங்க, ஸீபிளேன்லதான் போகணும்னும் இருந்துச்சு. போன் பண்ணி மாத்தச் சொல்லியாச்சு, இப்ப காலை 11 மணிக்கு இறங்குறா. அப்பா அவகிட்ட தனியா ஒண்ணு சொல்லி வச்சிருக்கார், வரும்போது மாலே மார்க்கெட்ல மாசி அரைக் கிலோ, நல்லா காய்ஞ்சதா, கருப்பா கல்லு மாதிரி இருக்கிறதா பார்த்து வாங்கிட்டு வான்னு. நாங்க கொண்டு வந்தது தீர்ந்துருச்சு.